மகளை 600 கிலோமீட்டர் தள்ளி அனுப்புவதா, பக்கத்திலேயே சேர்ப்பதா?

தறிச்சத்தம் எழுதியது:

வணக்கம். சங்கரன்கோவிலில் ஆறு விசைத்தறி வைத்து ஓட்டுகிறேன். செட் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மூத்தவள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். ஆறாம் வகுப்பிலிருந்தே உள்ளூர் அரசுப் பெண்கள் பள்ளிதான். பொறியியல் கட் ஆஃப் 200க்கு 186 வந்திருக்கிறது. அது எவ்வளவு பெரிய எண் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. தெருவில் நாலு பேர் வந்து கைகொடுத்த பிறகுதான் உறைத்தது.

மார்க் வந்த அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. ஆளுக்கு ஒரு ஊர் சொல்கிறார்கள்.

என் விருப்பம் நெல்லை அரசு பொறியியல் கல்லூரி. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். என் சம்சாரத்துக்கு மதுரை தியாகராசர் கல்லூரி. அவளுக்குத் திருமங்கலம் பிறந்த ஊர், அண்ணன் வீடு அங்கே இருக்கிறது. பிள்ளை மாமா வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்கிறாள். (மாமா வீட்டில் ஒரு பையனும் இருக்கிறான். அது வேறு கணக்கு, இங்கே விட்டுவிடுகிறேன்.) பள்ளித் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "இந்த மார்க்குக்குச் சென்னையில கிண்டியோ குரோம்பேட்டையோ கிடைக்கும், விட்டுராதீங்க" என்றார்கள். (கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., இரண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளாம்.) எங்க அம்மாவுக்கு மூன்றும் பிடிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைய எதுக்குய்யா வண்டியேத்தி விடுதிய? இங்கனயே டீச்சருக்குப் படிக்க வையி" என்கிறார்கள்.

எனக்கு இருக்கும் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பணம். சென்னையில் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. கூலி கிடைக்கிற மாதமும் உண்டு, பாவு தீர்ந்து தறி சும்மா கிடக்கிற மாதமும் உண்டு. இரண்டு, அவசரம் என்றால் ராத்திரியோடு ராத்திரி ஓடிப் போய்ப் பார்க்க முடியாத தூரம். நான் சபரிமலை தவிர வேறெங்கும் தொடர்ந்து நாலு ராத்திரி வெளியே தங்கியதில்லை. என் மாதிரி ஆள் மகளை 600 கிலோமீட்டர் தள்ளி எப்படி அனுப்புவது?

இன்னும் சில நாளில் ஆன்லைன் கவுன்சிலிங்கில் கல்லூரிப் பட்டியல் போட்டு லாக் செய்ய வேண்டுமாம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொதிகை எஸ்7 எழுதியது:

அண்ணாச்சி, நானும் உங்கள் பக்கம்தான், கடையநல்லூர். 2009ல் கிண்டியில் சேர்ந்தேன். இப்போது ஓசூரில் வேலை.

எங்கள் காலத்தில் ஒரு வசதி இருந்தது. அது வசதி என்று அப்போது தெரியாது. கவுன்சிலிங்குக்கு எல்லோரும் நேரில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தே ஆக வேண்டும். கன்னியாகுமரிப் பையனும் வந்தான், ஓசூர்ப் பிள்ளையும் வந்தது. வெளியே திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். கண் முன்னாலேயே எண் குறையும். என் அப்பா அதை நெல் மார்க்கெட் ஏலம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வளாகத்தில் அரை நாள் மரத்தடியில் உட்கார்ந்து, கேண்டீனில் சாப்பிட்டு, கக்கூஸ் எப்படி இருக்கிறது என்று வரைக்கும் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் சென்னை அவருக்குத் தெரியாத ஊர் இல்லை. இடம் எடுத்துவிட்டு வெளியே வந்ததும், "பரவால்ல, மரம் நிறைய இருக்கு" என்றார். அவ்வளவுதான் அவர் சம்மதம்.

2018லிருந்து எல்லாம் ஆன்லைன். வீட்டில் உட்கார்ந்து போனில் ஊர் பெயரை மேலே கீழே நகர்த்துகிறோம். பார்க்காத ஊர் எத்தனை கிலோமீட்டரில் இருந்தாலும் தூரம்தான். அதனால் லாக் செய்வதற்கு முன்னால் ஒரு தடவை பொதிகை ரயிலில் ஏறி நீங்களும் மகளும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சாயங்காலம் உங்கள் ஊரில் ஏறினால் விடியும்போது சென்னை. அன்று ராத்திரியே திரும்பிவிடலாம். ஒரு நாள் தறி நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும்.

மற்றபடி தூரத்தில் படித்தால் என்ன ஆகும் என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் மூன்று வாரம் சோறு இறங்காது. அப்புறம் இறங்கும். ஒன்றே ஒன்றுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதல் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா பரணிலிருந்து புதுத் தட்டு எடுத்து அதில் எனக்குச் சோறு போட்டார்கள். என் பழைய தட்டில் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஏம்மா எனக்கு இது?" என்று கேட்டேன். "விருந்தாடி வந்த பிள்ளைக்கு நசுங்குன தட்டுலயா போடுறது?" என்றார்கள். பாசமாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அந்த வேளை சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அடுத்த தடவை நானே போய் தம்பியிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அப்புறம் டிக்கெட். ரிசர்வேஷன் முன்பெல்லாம் 120 நாளைக்கு முன்னால் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பொங்கலுக்கு வர வேண்டுமென்றால் நவம்பர் நடுவில் காலை 8 மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். விட்டுவிட்டால் கிளாம்பாக்கம் பஸ்தான்.

ரூட் 14 எழுதியது:

வணக்கம் அண்ணாச்சி. உங்களுக்கு நேர் எதிர்க் கதை என்னுடையது. கோவில்பட்டிப் பக்கம் கிராமம். எனக்குக் கோயம்புத்தூரில் நல்ல இடம் கிடைத்தது. அப்பா விடவில்லை. "கண்ணு பாக்க இருக்கணும்" என்று வீட்டிலிருந்து 45 கிலோமீட்டரில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தார். பெயர் வேண்டாம். காலேஜ் பஸ் வீட்டு முக்குக்கே வரும், அதுதான் அவருக்குப் பெரிய நிம்மதி.

அந்த பஸ் பற்றிச் சொல்கிறேன். ரூட் நம்பர் 14. காலை 6.35க்கு எங்கள் விலக்கில் நிற்கும். நான்தான் கிட்டத்தட்ட முதல் ஆள். 45 கிலோமீட்டர் என்பது நேர் ரோட்டுக் கணக்கு. அது பதினோரு ஊருக்குள் புகுந்து புறப்பட்டுப் போகும்போது இரண்டு மணி நேரம். சாயங்காலம் 4.45க்குக் கிளம்பி 6.40க்கு இறக்கிவிடும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், வருடம் நாலு. டிரைவர் அண்ணனுக்கு ஒரே பென்டிரைவ். இன்றைக்கும் அந்தப் பாட்டு வரிசையில் எதற்கு அடுத்தது எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

வீட்டில் எல்லோரும் நான் பக்கத்தில் படிப்பதாக நினைத்தார்கள். நான் வீட்டில் இருந்ததே இல்லை. தூங்குவேன், எழுந்து ஓடுவேன். அம்மாவோடு உட்கார்ந்து பேசியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்.

அதைவிட முக்கியமானது 4.45. கல்லூரியில் உருப்படியாக எது நடந்தாலும் 5 மணிக்கு மேல்தான் நடக்கும். வேலைவாய்ப்புப் பயிற்சி, கோடிங் கிளப், லேபில் கூடுதல் நேரம், சீனியர் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது எல்லாமே. விடுதிப் பிள்ளைகள் அதற்கு இருப்பார்கள், நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். மூன்றாம் வருடம் ஒரு பெரிய கம்பெனித் தேர்வுக்கு இரண்டு வாரம் மாலைப் பயிற்சி வைத்தார்கள். "பஸ் பிள்ளைங்க சொந்த ஏற்பாட்டுல வரணும்" என்றார்கள். அப்பாவிடம் கேட்டேன். எட்டு மணிக்கு மேல் விலக்கில் இறங்கி நடந்து வருவதா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் பிரிவில் அந்தக் கம்பெனிக்கு ஒன்பது பேர் தேர்வானார்கள். எட்டு பேர் விடுதி.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படிக்கக் கோயம்புத்தூருக்கு அனுப்பாத அப்பா, படிப்பு முடிந்த பதினாலாவது மாதம் கல்யாணம் செய்து என்னைப் புனேவுக்கு அனுப்பி வைத்தார். ரயிலில் ஒன்றரை நாள். மொழி தெரியாது, தெரிந்த முகம் ஒன்று இல்லை. அப்போது தூரம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

அப்பா மேல் கோபம் இல்லை. இப்போது இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் உங்கள் பதிவை இரண்டு தடவை படித்துவிட்டேன் அண்ணாச்சி. நீங்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், அண்ணி சொன்னது, ஹெச்.எம். சொன்னது, ஆச்சி சொன்னதுகூட இருக்கிறது. பிள்ளை என்ன சொன்னாள்?

ஓய்வு வாத்தியார் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். பொறியியல் கல்லூரியில் 31 வருடம் பாடம் எடுத்தவன். கலந்தாய்வுச் சேவை மையத்திலும் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் பணத்தைப் பற்றிய பயத்தைத் தீர்த்து வைக்கிறேன்.

உங்கள் மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்கிறீர்கள். அப்படியென்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. மருத்துவத்துக்கு 2020ல் வந்தது, அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்துவிட்டது. இதில் இடம் பெறும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021லேயே அறிவித்தாகிவிட்டது. இதற்கு மேல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். ஆகவே சென்னை என்றால் செலவு, நெல்லை என்றால் மிச்சம் என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. சொல்லப்போனால் தினமும் பஸ்ஸில் போய் வந்தால்தான் உங்கள் கையிலிருந்து காசு போகும். விண்ணப்பத்தில் அந்த ஒதுக்கீட்டைக் கேட்டிருக்கிறீர்களா, பள்ளிச் சான்று ஏற்றியாகிவிட்டதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அடுத்து பட்டியல். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, அவள் தரவரிசைக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதை ஒதுக்குவார்கள். இதில் பெற்றோர் செய்யும் தவறு, "சும்மா போட்டு வைப்போம், கிடைச்சா பாத்துக்கலாம்" என்று அனுப்ப மனமில்லாத ஊரை மேலே போடுவது. போட்டால் கிடைத்துவிடும் ஐயா. கிடைத்த பிறகு யோசிக்க இரண்டு நாள்தான் தருவார்கள். 'ஏற்று, மேலே காத்திருக்கிறேன்' என்று கொடுத்தாலும் உங்கள் பட்டியலில் அதற்கு மேலே இருப்பதற்குத்தான் போக முடியும், கீழே இருப்பதற்கு வர முடியாது. வீட்டுச் சண்டையை லாக் செய்வதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைப் பற்றி ஓசூர்த் தம்பிக்கும் புனே அம்மாவுக்கும் ஒரு சின்ன மறுப்பு. தூரமாகப் போனவர்களில் நன்றாக வந்தவர்கள்தான் இங்கே வந்து எழுதுவார்கள். என்னிடம் படித்த ஒரு பையன், விழுப்புரம் பக்கத்திலிருந்து தெற்கே எங்கள் கல்லூரிக்கு வந்தவன். இரண்டு வருடத்தில் பதிமூன்று அரியர். வீட்டில் யாருக்கும் தெரியாது. போனில் எல்லாம் நல்லாயிருக்கு என்றே சொல்லியிருக்கிறான். நான் அவன் அப்பாவுக்குக் கடிதம் போட்ட பிறகுதான் மனிதர் முதல் தடவையாக அந்த வளாகத்துக்குள் காலெடுத்து வைத்தார். பையனைத் திட்டவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்லய்யா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொன்னது என்னிடமா அவனிடமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கடைசியில் ஆறு வருடத்தில் பட்டம் வாங்கிவிட்டான். வீட்டிலிருந்து வந்திருந்தால் முதல் செமஸ்டரிலேயே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள்.

நெல்லைக் கல்லூரியைக் குறைத்துப் பேசவும் வேண்டாம். 1981லிருந்து நடக்கிற அரசுக் கல்லூரி. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகிறது, பட்டமும் அதே பல்கலைக்கழகப் பட்டம்தான். பிரிவு விருப்பப்பட்டதாக இருந்தால் ஊர் இரண்டாம் பட்சம்.

எனக்குப் பிடிக்காதது இடைப்பட்ட தூரம்தான். 100, 130 கிலோமீட்டரில் விடுதி. வெள்ளிக்கிழமை மத்தியானமே பையைக் கட்டிவிடுவார்கள், திங்கள்கிழமை முதல் பீரியட் பாதி வகுப்பு இருக்காது. ஊரிலும் ஒட்டாமல் கல்லூரியிலும் ஒட்டாமல் நாலு வருடம் போய்விடும்.

மூணாம் மாடி எழுதியது:

வாத்தியார் ஐயா, நான் அந்த வெள்ளிக்கிழமைக் கோஷ்டிதான். கோயம்புத்தூர், மூன்றாம் வருடம். வீடு திண்டுக்கல். எங்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. திங்கள்கிழமை முதல் பீரியட் எடுப்பவர் அப்படி. 🙂

அங்கிள், விடுதி என்றதும் எல்லோரும் பாதுகாப்பைத்தான் கேட்பார்கள். போய்ப் பார்க்கும்போது வார்டனிடம் கேட்க வேண்டியது வேறு. தண்ணீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வரும், காய்ச்சல் வந்தால் ராத்திரி யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள், லைப்ரரிக்குப் போனால் எத்தனை மணிக்குள் உள்ளே வர வேண்டும், துணி காயப்போட இடம் எங்கே. நாலாவது சாதாரணமாகத் தெரியும். ஐப்பசி மழையில் மூன்றாம் மாடியில் ஈர யூனிபாரத்தோடு நின்றால் தெரியும். வாளி, மக், நல்ல பூட்டு இரண்டு, கயிறு. பூட்டு இரண்டு சொன்னேன், ஒன்றின் சாவியைக் கட்டாயம் தொலைப்பாள்.

தினமும் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீடியோ கால் வேண்டாம், முதல் மாதம் மட்டும். குரல் என்றால் சமாளித்துவிடலாம், முகத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் அழுகைதான்.

தறிச்சத்தம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன உடனே பார்த்தோம். 7.5 ஒதுக்கீடு கேட்டிருக்கிறாள், சான்றும் ஏற்றியிருக்கிறாள். அதெல்லாம் எனக்குச் சொல்லாமலேயே அவளும் பள்ளியில் ஒரு டீச்சரும் சேர்ந்து முடித்துவிட்டார்கள். விடுதிக் கட்டணமும் அரசே கட்டும் என்பது எனக்குத் தெரியாது. பத்து நாளாக மனசுக்குள் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

புனேத் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நான் கேட்கவே இல்லை. உங்கள் பதிவைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தறியை நிறுத்தியதும் கேட்டேன். "உனக்கு எங்கம்மா போணும்?"

அவள் ஒன்றும் பேசாமல் கூலி நோட்டை எடுத்து வந்தாள். தறிக் கணக்கு முழுக்க அவள்தான் எழுதுகிறாள், எட்டாம் வகுப்பிலிருந்து. யாருக்கு எத்தனை சேலை, எவ்வளவு முன்பணம், எல்லாம் அந்த நோட்டில். அதன் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு ஒரு பட்டியல். கல்லூரிப் பெயர், பக்கத்தில் 'வண்டி' என்று தலைப்பு. நான் கிலோமீட்டர் எழுதியிருப்பாள் என்று தேடினேன். அது எங்குமே இல்லை. எத்தனை வண்டி மாற வேண்டும் என்றுதான் எழுதியிருந்தாள்.

நெல்லை: வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு சைக்கிள், திருநெல்வேலி பஸ், அங்கிருந்து டவுன் பஸ். போக மூன்று, வர மூன்று. செமஸ்டருக்கு 90 நாள் வைத்தால் 540.

குரோம்பேட்டை: நம்ம ஸ்டேஷனில் பொதிகை, தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில், இரண்டாவது ஸ்டேஷன். காலேஜ் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறதாம். போக இரண்டு, வர இரண்டு. செமஸ்டருக்கு மூன்று தடவை வந்தால் 12.

540ஐயும் 12ஐயும் வட்டம் போட்டு வைத்திருந்தாள். கிண்டி 12க்குக் கொஞ்சம் கூட. மதுரைக்கு எதிரே எண்ணே இல்லை, ஒரு பெருக்கல் குறி மட்டும். அதை என் சம்சாரத்திடம் இன்னும் காட்டவில்லை.

நான் சும்மா விடவில்லை. "நெல்லையில விடுதில சேந்தா இதுவும் கொறையுமே" என்றேன். "விடுதிலதான் இருக்கணும்னா அது நெல்லையா இருந்தா என்னப்பா, மெட்ராஸா இருந்தா என்ன" என்றாள். கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் என்றாள். அப்படி என்றால் என்ன என்று கேட்டதற்கு, "ஊடை அறுந்தா நம்ம தறி தானா நிக்குதுல்லப்பா, அது எப்படி தெரிஞ்சு நிக்குது? அதுதான்" என்றாள். இருபத்திரண்டு வருடமாகத் தறி ஓட்டுகிறேன். நூல் அறுந்ததும் அந்தச் சின்ன முள்ளுக்கரண்டி மாதிரிக் கம்பி இறங்கித் தறியை நிறுத்துவதைத் தினமும் பார்க்கிறேன். அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று நினைத்ததே இல்லை.

எனக்கு உண்மையான பயம் எது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பணமும் இல்லை, தூரமும் இல்லை. அந்த நோட்டை இனி யார் எழுதுவது? அதையும் கேட்டுவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. "தம்பிக்குச் சொல்லிக் குடுத்துட்டேன், போன மாசக் கணக்கு அவன் எழுதினதுதான், நீங்க கவனிக்கல" என்றாள். புரட்டிப் பார்த்தேன். கையெழுத்து மாறித்தான் இருந்தது.

ஓசூர்த் தம்பி சொன்னபடி போன சனிக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949ல் ஆரம்பித்த காலேஜ். கலாம் ஐயா ராமேஸ்வரத்திலிருந்து வந்து படித்த இடம் என்று வாசலில் இருந்த ஒருவர் சொன்னார். அது எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் அந்த இடத்தில் நின்று கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. ராமேஸ்வரமும் பக்கம் இல்லையே. மூணாம் மாடிப் பிள்ளை சொன்ன நாலு கேள்வியையும் கேட்டேன். துணி காயப்போடும் இடத்தைக் கேட்டதும் அந்த அம்மா சிரித்துவிட்டார்கள், ஆனால் கூட்டிப் போய்க் காட்டினார்கள்.

பட்டியல் லாக் செய்தாகிவிட்டது. முதலில் குரோம்பேட்டை, அடுத்து கிண்டி, அடுத்து நெல்லை. மதுரையையும் கடைசியில் போட்டிருக்கிறோம், வீட்டில் சமாதானத்துக்காக.

தறிச்சத்தம் எழுதியது (பத்து நாள் கழித்து):

குரோம்பேட்டை, அவள் கேட்ட பிரிவே கிடைத்துவிட்டது. சம்சாரம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இட்லிப் பொடி இடிக்க ஆரம்பித்துவிட்டாள், அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரூட் 14 தங்கச்சி, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். புனே வந்த இடத்தில் என் சம்சாரம், "நானும் திருமங்கலத்துல இருந்து இங்க வந்தவதான, அப்ப யாரு கேட்டா" என்றாள். நான் அடுத்த வரியைப் படித்துக்கொண்டே போய்விட்டேன்.

இப்போது ஒரு சந்தேகம், ஓசூர்த் தம்பிக்கு. சேர்க்கைக்கு நாலு டிக்கெட் போட்டேன், வர மூன்று. அம்மா கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு எங்கய்யா?" என்கிறார்கள். பிள்ளை படுக்கிற கட்டிலைத் தானே வந்து பார்த்தால்தான் தூக்கம் வருமாம். அப்படியே வண்டலூரில் புலியும் பார்க்க வேண்டுமாம். ஐந்தாவது டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் நிற்கிறது. வயசு 71, முழங்கால் வலி. ஆச்சிக்கு லோயர் பெர்த் கிடைக்க ஏதாவது வழி இருக்கிறதா?